ஏலக்காய் போடாத ஒரு பலகாரம்

போடிநாயக்கனூரில் யாரையாவது நிறுத்தி, உங்கள் வீட்டுப் பாயசத்தில் என்னென்ன போடுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பால், சேமியா, சீனி, நெய், முந்திரி, திராட்சை என்று விரல் மடக்கிச் சொல்வார்கள். ஏலக்காயைச் சொல்ல மாட்டார்கள். மறைக்கிறார்கள் என்று நினைக்கக் கூடாது. சோறு வடித்தேன் என்கிறவள், உலையில் தண்ணீர் ஊற்றினேன் என்று தனியாகச் சொல்வாளா? எங்கள் ஊரில் ஏலக்காய் அப்படித்தான். மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கி, எங்கள் தெருக்களில் தரம் பிரிந்து, ஏலம் போய், எங்கெங்கோ லாரி ஏறிப் போகிறது. அந்தப் போக்கில் எல்லார் வீட்டு அடுப்படிக்கும் கொஞ்சம் வந்து சேர்ந்துவிடும்.

இப்படிப்பட்ட ஊரில், அதுவும் ஏலக்காய் வியாபாரம் செய்கிற வீட்டில், ஏலக்காய் ஒத்துக்கொள்ளாத ஒரு பெண்ணைப் பெற்று வைத்திருக்கிறேன்.

முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. குழந்தையாக இருக்கும்போது கேசரி தின்றால் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடித்துப் போகும். ரவையில் வண்டு இருந்திருக்கும் என்றோம். நெய் சரியில்லை என்றோம். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டோம். பிறகு ஒரு கல்யாண வீட்டில் இலையில் பாயசம் ஊற்றிக் குடித்துவிட்டு மூச்சு விட முடியாமல், நெஞ்சு விசில் அடிக்கத் திணறினாள். என் வீட்டுக்காரர் பந்தியிலிருந்து எச்சில் கையோடு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர் பரிசோதனை எல்லாம் செய்து, ஏலக்காய்தான் ஆகவில்லை, துளிகூட உள்ளே போகக் கூடாது, வாசனையால் ஒன்றும் செய்யாது என்றார். எந்த ஊர் என்று கேட்டார். போடி என்றேன். சிரித்துவிட்டார். அப்புறம் சுதாரித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். நானும் கொஞ்சம் சிரித்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கீழே குடோன் முழுக்க ஏலக்காய், மேலே அடுப்படியில் ஒரு காய் கிடையாது. வருகிற சொந்தக்காரர்களுக்கு இது புரியாது. ஏலக்காய் யாவாரி வீட்டு டீயில் ஏலக்காய் இல்லை என்றால் எவ்வளவு கஞ்சத்தனம் இருக்க வேண்டும் என்று என் காதுபடவே பேசிவிட்டுப் போனவர்கள் உண்டு. எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும். விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்து, கஞ்சம் என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாப்பா நாலாம் வகுப்புக்கு வந்த வருடம் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூட்டினார்கள். பிள்ளைகள் மத்தியானம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஆனி ஆடி வந்தால் மலையிலிருந்து காற்றும் சாரலும் இறங்கித் தட்டில் இருக்கிற சோறு நனைந்து போகிறது. மரத்தடியை ஒட்டித் தகரக் கூரை போட வேண்டும். பெரிய டீச்சர் ஒரு யோசனை சொன்னார். ஆண்டு விழா அன்று பெற்றோர்கள் வீட்டில் செய்த பலகாரங்களைக் கொண்டுவந்து கடை போட்டு விற்கலாம், வருகிற பணத்தைக் கூரைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று. எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் எழுந்து, பால்கோவாவும் தேங்காய்ப் போளியும் வெயிலில் நாள் பூராவும் கிடந்து, தின்ற பிள்ளைகளுக்கு வயிற்றால் போனால் யார் பொறுப்பு என்று கேட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல. பெரிய டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அப்படியானால் எந்தப் பலகாரம் விற்கலாம், எது கூடாது என்று தேர்ந்தெடுக்கிற வேலையை நீங்களே செய்யுங்கள் என்று என் தலையில் கட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து பொருமிக்கொண்டிருந்தேன். பாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறந்தநாள், கோயில், விசேஷம் என்று எங்கே போனாலும் அவளுக்கு ஒரு சில்வர் டப்பாவில் நான் செய்த இனிப்பைக் கொடுத்தனுப்புவேன். மற்ற பிள்ளைகள் தட்டில் இருந்து எடுத்துத் தின்னும்போது இவள் டப்பாவைத் திறப்பாள். அந்த டப்பாவை அவள் எவ்வளவு வெறுத்தாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"அம்மா, அன்னைக்கி எனக்கு டப்பா வேணாம். எல்லாரையும் மாதிரி நானே காசு குடுத்து வாங்கித் திங்கணும். முறுக்கு, தட்டை வேணாம். இனிப்பு வேணும்."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், ஏலக்காய் இல்லாத இனிப்புக்கு இந்த ஊரில் எங்கே போவது என்று யோசித்தேன்.

விழாவுக்கு முந்திய வாரம் பலகாரங்களை ருசி பார்த்துத் தேர்ந்தெடுக்கிற கூட்டம் நடந்தது. நாலாம் வகுப்பு அறையில் பெஞ்சுகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு, மேலே பாத்திரங்களைப் பரப்பி வைத்திருந்தோம். பால் இனிப்பு வேண்டாம், ஈரத் தேங்காய் வேண்டாம், கலர் பொடி வேண்டாம், ஒரு தடவை பொரித்த எண்ணெயில் திரும்பப் பொரிக்க வேண்டாம், எல்லாவற்றையும் மூடி வைக்க வேண்டும், இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். நான் சொல்லச் சொல்லச் சிலர் முகம் சுருங்கியது. ஒருவர் மேலே கிரீமில் ரோஜாப்பூ வைத்த கேக் கொண்டுவந்திருந்தார். மத்தியானத்துக்குள் அந்த ரோஜா உருகி ஓடிவிடும் என்றேன். அவர் இன்றுவரை கடைவீதியில் என்னைக் கண்டால் மறுபக்கம் திரும்பிக்கொள்வார். பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்து வந்த ஒரு தாய், முந்தின இரவு யானை வந்து மக்காச்சோளத்தை மிதித்துவிட்டதால் கண்ணே மூடவில்லை என்று சொல்லிக்கொண்டே தட்டை டப்பாவை நீட்டினார். அவரிடம் மட்டும் நான் ஒரு குறையும் சொல்லவில்லை. தட்டையும் நன்றாகத்தான் இருந்தது.

இனிப்புப் பக்கம் வந்தபோதுதான் வேடிக்கை. அதிரசத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். பச்சரிசி மாவு, வெல்லம் என்றார் கொண்டுவந்தவர். வேறு என்றேன். வேறு ஒன்றும் இல்லை என்றார். ஏலக்காய் என்றேன். அது இல்லாமலா என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கடலைமாவு லட்டு வைத்திருந்தவரும் அப்படியே சொன்னார். சோமாசியும் அப்படித்தான், எள்ளுருண்டையும் அப்படித்தான். ஒரு வரிசை முழுக்க, கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறார்கள், கிளறினால் ஏலக்காய் வருகிறது. வேறு வழியில்லாமல் என் மகள் விஷயத்தை எல்லார் முன்னாலும் உடைத்துச் சொன்னேன். பிறகு யோசனைகள் புறப்பட்டன. தினமும் ஒரு சிட்டிகை கொடுத்துப் பழக்கினால் சரியாகிவிடும் என்றார் ஒருவர். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறார் என்றார் இன்னொருவர். ஏலக்காயா ஒத்துக்கொள்ளாது, நம்ம ஊரிலா என்று ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார், நான் ஏதோ ஊருக்கே துரோகம் செய்துவிட்ட மாதிரி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெரிய டீச்சர் ஒரு செருமல் செருமினார். அடக்கிக்கொண்டேன்.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. குரங்கணிக்கு மேலே எஸ்டேட்டில் ஏலக்காய் பறிக்கிற பெண் அவர். மகளைப் போடியில் தங்கச்சி வீட்டில் விட்டுப் படிக்க வைத்திருந்தார். பள்ளிக்கூட விஷயம் என்றால் ஜீப்பில் இறங்கி வந்துவிடுவார். குரலும் சிரிப்பும் தாராளமானவை. அவர் கொண்டுவந்தது அச்சுமுறுக்கு. பூப்போல் விரிந்து, எள் தெரிய, மொறுமொறுவென்று, நாக்கில் மெதுவாக இனித்தது. இதிலும் ஏலக்காய் உண்டா என்று சலிப்போடு கேட்டேன்.

"அய்ய, அதையா? பொழுது விடிஞ்சு பொழுது அடையிற வரைக்கும் அந்தச் செடிக்குள்ளதானக்கா கெடக்கேன். வீட்டுக்குப் போயும் அதையவா மோந்துக்கிட்டுக் கெடக்க? எங்க அடுப்படிக்குள்ள அத விடுறதே இல்ல."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த இடத்திலேயே முடிவு செய்தோம். ஏலக்காய் போட்ட இனிப்புகள் ஒரு பெஞ்சில், போடாதது தனிப் பெஞ்சில், தனி இடுக்கி, தனித் தட்டு. தனிப் பெஞ்சுக்கு இருந்தது அச்சுமுறுக்கு ஒன்றுதான். போதும் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் பாப்பா அச்சுமுறுக்கு எந்த வடிவத்தில் இருக்கும், கையில் ஒட்டுமா ஒட்டாதா என்று தூங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

விழா அன்று காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அந்த எஸ்டேட் பெண்ணிடமிருந்து போன் வந்தது. ராத்திரி அடித்த காற்றில் மரம் ஒன்று ஜீப் பாதையில் விழுந்துகிடக்கிறதாம். வெட்டி எடுத்த பிறகுதான் வண்டி இறங்க முடியுமாம். அச்சுமுறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்புக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். குரலில் அழுகை தெரிந்தது. நான்தான் அவரைத் தேற்றினேன். சாரமில்லக்கா, பாத்துக்கலாம், மரத்த வெட்டுனதும் வெரசா வந்துடுறேன் என்றார். அவர் வருவதற்குள் விழா முடிந்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும். பாப்பா தலை சீவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் டப்பாவை எடுத்தேன். அவள் அதைப் பார்த்த பார்வையில் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் நல்ல கூட்டம். ஏலக்காய் பெஞ்சில் ஈ மொய்க்கிற மாதிரி பிள்ளைகள். தனிப் பெஞ்சில் ஒரு காலித் தட்டும் ஓர் இடுக்கியும் கிடந்தன. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு தூக்குவாளியோடு வேகமாக வந்தாள். அவள் மகளும் பாப்பாவும் ஒரே வகுப்பு. சாயங்காலம் ஆனால் பாப்பா அவர்கள் வீட்டில்தான் விளையாடிக்கொண்டிருப்பாள். அந்தப் பழக்கத்தில் என்னை மதினி என்றும் என் மகளை ஆத்தா என்றும் கூப்பிடுவாள்.

"மதினி, ஒரே ஒரு பலகாரந்தான் இருக்குன்னு மனசு கேக்கல. புள்ளைக்குன்னே நேத்து ரவா லட்டு புடிச்சேன். ஏலக்காய் ஒண்ணுகூடப் போடல. சத்தியமா."

இவளோடு குழாய்த் தண்ணீருக்காக எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். லட்டுகளைத் தனிப் பெஞ்சில் அடுக்கினோம். வெள்ளை வெளேரென்று, ஒவ்வொன்றின் மேலும் ஒரு திராட்சை. முந்திரியைக் கேட்டேன், நெய்யைக் கேட்டேன், ரவையை வறுத்த சட்டியைக்கூடக் கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன். போடியில் பிறந்து வளர்ந்த மூக்கு, அதிலும் என் சேலையே குடோன் வாசம் அடிக்கிறது. மோந்து பார்த்து என்ன தெரியும்?

இதற்கிடையில் ஒரு தகப்பன் வேறு வந்து நின்றார். அவர் மனைவி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். அதிரசம் தருவதாகப் பேர் கொடுத்திருந்தது அந்த மனைவிதான். மனிதர், அதிரசம் சுடத் தெரியாது, பேர் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாதே என்று பொரி உருண்டை பிடித்துக்கொண்டு வந்திருந்தார். ஒன்று கிரிக்கெட் பந்து அளவு, ஒன்று எலுமிச்சம்பழ அளவு. ருசி பார்க்காத பலகாரத்தை விற்க முடியாது என்று நான் ஆரம்பித்தேன். பாவம், விட்டுவிடுங்கள் என்று பெரிய டீச்சர் கண்ணைக் காட்டினார். பொரியும் வெல்லப் பாகும் தானே, கெட்டுப்போகாது என்று ஒத்துக்கொண்டு, எந்தப் பெஞ்சிலும் சேர்க்காமல் வேப்பமரத்தடியில் ஒரு ஸ்டூலில் கடை போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

பாப்பா கையில் காசோடு தனிப் பெஞ்சுக்கு வந்தாள். தோழிகள் கூட வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் இடுக்கியால் இருப்பதிலேயே பெரிய லட்டாகப் பார்த்து எடுத்துக் காகிதத்தட்டில் வைத்துக் கொடுத்தாள். பாப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தயாரானேன். வாய்க்குக் கிட்டே கொண்டுபோனவள் நின்றாள்.

"அத்தே, இது ஒங்க வீட்டுச் சீனி டப்பாவுல எடுத்த சீனியா?"

"ஆமா ஆத்தா. வேற எதுல எடுக்கப் போறேன்?"

"அதுக்குள்ள தோலு கெடக்குமே."

நான் போனைக் கீழே இறக்கினேன். ஏலக்காயைப் பிரித்து விதையை எடுத்துக்கொண்ட பிறகு, தோலை எங்கள் ஊரில் யாரும் எறிவதில்லை. சீனி டப்பாவுக்குள் போட்டு வைப்போம். அந்த வாசம் சீனியில் ஏறி, டீ போட்டால் தூக்கலாக இருக்கும். எல்லா வீட்டிலும் உண்டு. டாக்டரைப் பார்க்கும்வரை என் வீட்டிலும் இருந்தது. நெய்யைக் கேட்டேன், சட்டியைக் கேட்டேன், சீனியைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்து வீட்டுப் பெண் இன்னும் புரியாமல், தோலையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் மிக்சியில் திரித்தேன் என்று பெருமையாகச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே விளங்கிவிட்டது. தோலில் ஒட்டிய விதையும் தூளும் சீனிக்குள் உதிராமலா இருக்கும்? கையிலிருந்த இடுக்கி கீழே விழுந்தது. எனக்கு அவளைக் கண்டபடி திட்டத்தான் வாய் வந்தது. பயம் வந்தால் எனக்குத் திட்டாகத்தான் வரும். அவளோ சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

பாப்பா லட்டைத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள். "அழாதீங்கத்தே. நான்தான் திங்கலையே. நீங்க எனக்காகத்தான செஞ்சீங்க" என்றாள். அப்புறம் தோழியிடம் இதை நீ சாப்பிடு என்று கொடுத்துவிட்டு, கையைக் குழாயில் நன்றாகக் கழுவிக்கொண்டு வந்தாள். நாங்கள் பெரியவர்கள் இருவரும் மரம் மாதிரி நின்றோம். லட்டுகளை ஏலக்காய் பெஞ்சுக்குப் பெரிய டீச்சர்தான் வந்து மாற்றினார்.

பாப்பா சுற்றும்முற்றும் பார்த்தாள். மரத்தடி ஸ்டூலை நோக்கி நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். திரும்பிப் பார்த்தாள்.

"நீ அங்கயே நில்லும்மா. நான் கேட்டுக்கிறேன்."

நின்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டு ஓர் இடத்தில் நின்றதில்லை. கைப்பைக்குள் கையை விட்டு, எப்போதும் வைத்திருக்கிற மருந்தைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தத் தகப்பனுக்குக் காலையிலிருந்து வியாபாரமே ஆகவில்லை. முதல் ஆளாக இவள் வருவதைப் பார்த்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். இவள் அவரிடம் விசாரணையை ஆரம்பித்தாள். எனக்கு ஏலக்காய் ஆகாது, தின்றால் மூச்சு முட்டும், இதில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டாள். பொரியும் வெல்லமும்தான், வேறெதுவும் போடத் தெரியாது பாப்பா என்றார் அவர். வெல்லம் எந்த டப்பாவில் இருந்தது என்றாள். நேற்றுக் கடையில் வாங்கி நேராகச் சட்டியில் போட்டது என்றார். சட்டியில் அதற்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்றாள். உருளைக்கிழங்கு வறுத்தேன், தேய்த்துக் கழுவிவிட்டேன் என்றார். சுக்கு, தூள், வாசனைப்பொடி ஏதாவது உண்டா என்றாள். அதெல்லாம் எங்க வீட்டம்மா வந்தால்தான் என்றார். கையைக் கழுவினீர்களா என்று கேட்டதற்கு, வாத்தியாரிடம் காட்டுகிற மாதிரி இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். நெற்றியில் வேர்த்திருந்தது. நான் கேட்க நினைத்த கேள்வி எல்லாவற்றையும் அவள் கேட்டாள். நான் நினைக்காத சிலவற்றையும் கேட்டாள். குரலில் கெஞ்சலும் இல்லை, பயமும் இல்லை. தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற அவள் அப்பாவின் குரல் அது.

காசைக் கொடுத்தாள். எலுமிச்சம்பழ அளவு உருண்டை ஒன்றை வாங்கினாள். கடித்தாள். முதல் கடிக்கு அது அசைந்து கொடுக்கவில்லை. கடைவாய்க்குக் கொண்டுபோய்க் கடித்தாள். மெல்லத் தொடங்கினாள்.

நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையில் யாரோ பேசினார்கள், யாரோ கை தட்டினார்கள். உதடு வீங்கவில்லை. கழுத்தில் தடிப்பு இல்லை. மூச்சு ஒழுங்காக வந்தது. என் கண்ணில்தான் தண்ணீர் வந்தது. இத்தனை வருடமும் இவளுக்கும் ஊர்ப் பலகாரத்துக்கும் நடுவே நான் ஒருத்தி நின்றால்தான் இவள் பிழைப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெருமையாக இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்தாள். கன்னத்தில் பொரி ஒட்டியிருந்தது.

"கல்லு மாதிரி இருக்கும்மா. இனிப்பும் பத்தல."

அப்படியானால் போட்டுவிடு, வீட்டில் போய் நல்லதாகச் செய்து தருகிறேன் என்று கையை நீட்டினேன். உருண்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"போம்மா. இது நான் வாங்குனது" என்று சொல்லிவிட்டுத் தோழிகளோடு ஓடிப் போனாள்.